வெதகெதரப் பெயருக்கு எடுத்த பரிசோதனை

போன மாதம் ஷாமிலா எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். மாத்தளை நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் தனியார் ஆய்வுகூடத்தில், நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். "மிஸ், பரம்பரை டெஸ்டுக்கு வாறவங்களுக்கு ஒரு ஃபோம் குடுக்குறோமே, அதுல முதலாவது கேள்விய எடுத்துடலாமா? 'உங்கள் குடும்பத்தில் யார் யாருடைய வீட்டில் போய்க் குடியிருந்தார்கள்?' வாசிச்சதும் எல்லாரும் சிரிக்கிறாங்க. கிராம சேவகர் கேக்குற கேள்வி மாதிரி இருக்காம்."

எடுக்காதே என்று பதில் போட்டேன். ஏன் மிஸ் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அந்தப் படிவத்தில் எழுதிச் சேர்த்தவள் நான். அதற்கான காரணத்தைக் குரல் செய்தியில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அது என் பிழையைப் பற்றிய கதை. ஆகவே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களையும் வீட்டுப் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

நான் முப்பத்திரண்டு வருடம் அரசாங்க வைத்தியசாலையில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்தவள். கொழும்பில் படித்த காலத்தில் ஞாபகம் இருப்பவை இரண்டு: நுணுக்குக்காட்டியில் குனிந்து குனிந்து பிடித்த கழுத்துவலி, விடுதியில் தினமும் ஊற்றிய தண்ணீர்ச் சொதி. கழுத்துவலி இன்னும் இருக்கிறது. மற்றபடி தொழிலைக் கற்றுக்கொண்டது மாத்தளைக்கு வந்த பிறகுதான், அதுவும் முக்கால்வாசி பிழை விட்டுத்தான்.

வேலைக்கு வந்த நாலாம் வருடமோ ஐந்தாம் வருடமோ, தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு இளம் தகப்பன் வந்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த இரத்ததான அட்டையை எடுத்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டார். "மிஸ், நான் ஓ குரூப்புங்க. புள்ளைக்கு ஏபின்னு எழுதியிருக்காங்க. லயத்துல படிச்ச பையன் ஒருத்தன் அப்புடி வராதுங்கிறான். நெசந்தானுங்களா?"

வராது என்பதுதான் சரியான விடை. ஓ தகப்பனுக்கு ஏபி பிள்ளை பிறப்பதில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தபடியால் அந்த விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு, "இருங்க, உங்கட ரத்தத்த நான் ஒருக்கா பாக்குறேன்" என்றேன். குத்தி எடுத்துப் பார்த்தால் மனிதர் பி குரூப். இரத்ததான முகாமில் யாரோ இரண்டு அட்டைகளை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னதும் அவர் வாங்கில் உட்கார்ந்து, தலையிலிருந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூன்று நாளாக மனைவியுடன் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

அன்றைக்கு எனக்கென்று ஒரு விதி செய்துகொண்டேன். முதலில் கடதாசியைச் சந்தேகி, பிறகு குழாயைச் சந்தேகி, எல்லாம் சரியென்றால் மட்டும் மனிதரைச் சந்தேகி. என்னிடம் பழக வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி அலுக்க வைத்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது பிற்பாடு எனக்கே பொருந்தியது.

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தது சரியாக நாலு மாதம். என் கணவருக்கும் எனக்கும் டிவி ரிமோட்டுக்குச் சண்டை வரத் தொடங்கியதும், நகரத்துத் தனியார் ஆய்வுகூடத்தில் சேர்ந்துவிட்டேன். அதன் பொறுப்பாளர் டொக்டர் சேனக. சிங்களவர், என்னைவிடப் பதினாறு வயது இளையவர். மட்டக்களப்பில் வேலை செய்த காலத்தில் பழகிய தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். கோபம் வந்தால் சத்தம் கூடாது, குறையும். சத்தம் மிகவும் குறைந்தால் நாங்கள் எல்லோரும் வேறு அறைக்குப் போய்விடுவோம்.

மரபணுப் பரிசோதனைகளை நாங்கள் செய்வதில்லை. மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவோம், முடிவு அங்கிருந்து வரும். வந்த முடிவை டொக்டர் ஒருமுறை வாசிப்பார். வாசித்துவிட்டு அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பிளேன்டீ குடிக்கக் கீழே போவார். திரும்பி வந்து இன்னொரு முறை வாசிப்பார். பிறகுதான் ஆளைக் கூப்பிடச் சொல்வார். காசு கட்டியவரை அல்ல, மாதிரி கொடுத்தவரை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, கதவைச் சாத்திவிட்டு. ஒரு தடவை எனக்கு அவசரமாக இருந்தபோது நானே கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இது சீனி ரிப்போட் இல்ல மிஸ்" என்றார், மிகவும் குறைந்த சத்தத்தில்.

இனி வெதகெதரக் குடும்பத்துக்கு வருகிறேன்.

மாத்தளைப் பக்கத்து முஸ்லிம்கள் சிலருக்கு அரபுப் பெயருக்கு முன்னால் ஒரு சிங்கள வீட்டுப் பெயர் இருக்கும். கண்டி இராசா காலத்திலிருந்து வருவது. வெதகெதர என்றால் வைத்தியர் வீடு. நகரத்தில் இருந்த நஜிமுதீன் ஹாஜியார் அந்தப் பெயர்க்காரர். ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர், என் மகனுக்குக் கணக்குப் படிப்பித்தவர். அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்த ஒரு ஹக்கீம் இராசாவின் வயிற்றுவலியை மாற்றியதாகவும், இராசா அவருக்குக் காணியும் இந்தப் பெயரும் கொடுத்ததாகவும் அவர்களிடம் ஒரு கதை. ஹாஜியார் குடும்ப வரலாறு ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். சுருட்டிய பெரிய தாளில் குடும்ப மரம் வரைந்து கொண்டுவந்து என் மேசை முழுவதும் விரித்தார்.

"வாய்க்கதை இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குப் போதாது மிஸ். இந்தப் பேர் எங்க இருந்து வந்திச்சி என்டு விஞ்ஞானம் செல்லணும்" என்றார். அவர்கள் பேச்சில் 'சொல்' என்பது 'செல்', 'இருக்கு' என்பது 'ஈக்கி'.

ஒரு ஆளை மட்டும் சோதித்துப் பயனில்லை, பிரிந்துபோன இன்னொரு கிளையிலிருந்தும் ஒருவர் வேண்டும் என்று டொக்டர் சொன்னார். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், ஒன்று இருக்கிறது. பல தலைமுறை போனாலும் அது அதிகம் மாறாது. இரண்டு கிளைகளிலும் அது ஒன்றாக இருந்தால், இரண்டுக்கும் ஒரே மூதாதை. அப்படி ஹாஜியார் கூட்டிவந்தவர்தான் யட்டவத்தையிலிருந்த இஸ்மாயில் நானா. யட்டவத்தைப் பக்கம் மரக்கறி வாங்கி, லொறியில் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவர். அறுபது வயதிருக்கும். வாய் நிறைய வெற்றிலையோடு படியேறி வந்தார்.

கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கும் வேலை பார்க்க இலேசு. ஆனால் எடுப்பதற்கு முன் ஒரு மணித்தியாலம் சாப்பாடு, தேத்தண்ணீர், வெற்றிலை ஒன்றும் கூடாது. பக்கத்துக்கு ஒரு குச்சியாக இரண்டு குச்சி. தேய்த்ததும் காற்றில் உலர விட வேண்டும். உலர்ந்ததைக் கடதாசி உறையில்தான் போட வேண்டும், பொலித்தீனில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். உறையில் பெயரை அந்த ஆளுக்கு முன்னாலேயே எழுதி, அவரை வாசிக்கச் சொல்லி, ஒட்டிய இடத்தின் மேல் அவருடைய கையெழுத்தை வாங்க வேண்டும். நான் இஸ்மாயில் நானாவை நாலு தரம் வாய் கொப்பளிக்கச் சொல்லி, ஒரு மணித்தியாலம் உட்கார வைத்தேன்.

"மிஸ், இன்னும் சிவப்பு ஈக்கா பாருங்க. கடைசில நான் வெத்தில பரம்பரை என்டு வந்துடும்" என்று அவர் ஹாஜியாரையும் சிரிக்க வைத்தார்.

மாதிரி எடுத்ததில் நான் ஒரு பிழையும் விடவில்லை. பிழை விட்டது அதற்கு முன்னால், ஒரு சின்னப் பெட்டியில். கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: குடும்பப் பெயர் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். இருவருடைய படிவத்திலும் நானே 'ஆம்' பெட்டியில் சரி அடையாளம் போட்டேன். கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர். எங்கள் வீட்டில் பெயர் என்றால் தகப்பனுடைய பெயர் முன்னால் நிற்கும், அவ்வளவுதான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

முடிவு வந்த கிழமையில் டொக்டர் லீவில் இருந்தார். ஹாஜியார் காலையும் மாலையும் தொலைபேசியில் கூப்பிட்டார். குடும்ப ஒன்றுகூடலுக்கு நாள் குறித்துவிட்டார்களாம், புத்தகம் அச்சுக்குப் போக வேண்டுமாம். என் மகனின் அதிபர் கேட்கும்போது எத்தனை தரம்தான் இல்லை என்பது? வாருங்கள் என்றேன். தம்புள்ளையிலிருந்து திரும்பும் வழியில் லொறியை நிறுத்திவிட்டு இஸ்மாயில் நானாவும் வந்தார். இருவரையும் ஒரே அறையில், ஒரே மேசைக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

முடிவு ஒத்துப்போகவில்லை. அரேபியா, இந்தியா என்று எந்த நாட்டையும் அது உறுதியாகச் சொல்லவுமில்லை. இருவருடைய தகப்பன் வழியும் ஒன்றல்ல என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னது. உறைகளைப் பார்த்தேன், கையெழுத்துகள் சரி. இலக்கங்களைப் பார்த்தேன், சரி. கடதாசி சரி, குழாய் சரி. அப்படியென்றால் என் விதியின்படி மிச்சம் இருப்பது மனிதர்கள்தானே? சொன்னேன்.

ஹாஜியார் தன் மரத்தை விரித்து, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, விரலால் கோடுகளைத் தொட்டுக்கொண்டு போனார். "எங்கட பக்கம் எல்லாத்துக்கும் காணி உறுதி ஈக்கி, பதிவு ஈக்கி. ஒங்கட பக்கம்தான் எங்கயோ..." என்று இழுத்தார். முடிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. படித்தவர், தாளை நம்புகிறவர்.

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று இந்த முடிவு சொல்லவில்லை என்ற ஒரு வசனம் போதும். எனக்கும் உள்ளுக்குள் லொறிக்காரரின் பக்கமாகத்தான் இருக்கும் என்று பட்டிருக்கிறது. அதை இன்றைக்கு ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. பேசாமல் இருந்தேன்.

"எந்த இடத்துல மாறி ஈக்கி மிஸ்?" என்று இஸ்மாயில் நானா கேட்டார்.

"அத இது சொல்லாது, நானா. ஒரு இடத்துல கோடு மாறியிருக்கு. மேல எங்கயும் இருக்கலாம். மூத்தாப்பா காலத்துலயும் இருக்கலாம், வாப்பா காலத்துலயும் இருக்கலாம்."

அறிவியலின்படி அதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ட வாப்பாவுல மாறி ஈக்கி என்டா, என்ட உம்மாவப் பத்தித்தானே மிஸ் நீங்க செல்றீங்க?" என்று கேட்டார்.

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல்ல நானா" என்றேன். அவர் எழுந்து, ஹாஜியாருக்கு ஸலாம் சொல்லி, படியிறங்கிப் போனார். அவருடைய முடிவு இருந்த கடிதம் மேசையிலேயே கிடந்தது.

டொக்டர் லீவு முடிந்து வந்த அன்று நானே போய்ச் சொன்னேன். ஒளித்து வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, இரண்டு படிவங்களையும் எடுத்துவரச் சொன்னார். பென்சில் நுனியை அந்தப் பெட்டியில் வைத்தார்.

"இது யார் போட்டது?"

"நான் டொக்டர்."

"கேட்டுப் போட்டதா?"

"இல்ல."

சத்தம் இன்னும் குறைந்தது. "மிஸ், என்ட கெதரப் பேர் எங்க தாத்தாட தாத்தாவுக்கு இல்ல. அவர் குருநாகல்ல இருந்து வந்தவர். பின்னவா வந்தவர். தெரியும்தானே, பின்ன?"

தெரியாமல் என்ன? முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன். மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருப்பதுதான் பின்ன. பிறக்கும் பிள்ளைகளுக்குப் பெண் வீட்டின் பெயரே வரும். காணி அந்த வீட்டைவிட்டு வெளியே போகாது, பெயரும் போகாது. என்னோடு வேலை செய்த சிங்களப் பிள்ளைகள் எத்தனை பேர் அப்படிக் கலியாணம் முடித்தார்கள், நானே போய்ப் பாற்சோறு சாப்பிட்டு வந்திருக்கிறேன். முஸ்லிம் வீடுகளிலும் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பது வழமைதான். எல்லாம் தெரியும். அந்தப் பெட்டிக்கு முன்னால் பேனையோடு உட்கார்ந்தபோது மட்டும் யாழ்ப்பாணத்து அப்பாவின் மகளாக இருந்துவிட்டேன்.

"உங்கட பக்கம் பேர் அப்பாவோட நடக்கும். இங்க பேர் வீட்டுல இருக்கும், ஆக்கள்தான் வந்து போறது" என்றார் டொக்டர். "விடை எழுதினது மெஷின். அது சரி. கேள்வி எழுதினது நாங்க. முதல்ல போய்க் கேளுங்க. யார் யார் வீட்டுல போய் இருந்தது என்டு கேளுங்க. அதுக்கு மெஷின் வேணாம்."

அந்த உம்மாவின் மேல் விழுந்த பழியைத் துடைக்க வேறொரு வழியும் இருக்கிறது என்றார். இஸ்மாயில் நானாவின் வாப்பாவுடைய தம்பி மகன் ஒருவர் அலுவிகாரையில் சில்லறைக் கடை வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒத்துப்போனால், இஸ்மாயில் நானா அவருடைய வாப்பாவின் மகன்தான் என்பதில் சந்தேகம் இராது. ஆய்வுகூடத்தின் செலவிலேயே செய்வோம் என்றார்.

உடனே யட்டவத்தைக்குத் தொலைபேசி எடுத்தேன். டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். உம்மாவிடம் இதைப்பற்றி ஒன்றும் பேசிவிட வேண்டாம், முடிவு எப்படி வரும் என்று எனக்கு இப்போதே தெரியும் என்றேன். அந்தப் பக்கம் லொறியின் எஞ்சின் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் கேட்டுட்டன் மிஸ்" என்றார்.

"எதைக் கேட்டீங்க?"

"உம்மாக்கிட்ட. அண்டைக்கே ஊட்டுக்குப் போய்க் கேட்டுட்டன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒன்டும் செல்லல்ல. சோறு போட்டுத் தந்தா."

தொலைபேசியை வைத்துவிட்டு ஆய்வுகூடத்தின் பின்கட்டுக்குப் போய் அழுதேன். இத்தனை வருடத் தொழிலில் ஆட்களுக்கு எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். அவையெல்லாம் உண்மைகள். இது உண்மையும் இல்லை.

அடுத்த நாள் ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். இந்த முறை மரத்தை விரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சும்மா கேட்டேன். "ஹாஜியார், உங்கட மூத்தாப்பாட வாப்பா எந்த வீட்டுல பிறந்தவர்?"

"அவர் தெற்குல, காலிப் பக்கம் மிஸ். கருவாட்டு வியாபாரத்துக்கு வந்தவர்" என்றார், எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோல. "எங்கட பக்கத்து வெதகெதர ஊட்டுல அந்த நேரம் ஒரே ஒரு பொம்புளப் புள்ள. அவவக் கலியாணம் முடிச்சி, ஊட்டோட தங்கிட்டார். காணி உறுதியில எல்லாம் தெளிவா ஈக்கே."

"மரத்துல அவர் வெதகெதர என்டு எழுதியிருக்கீங்களே?"

"ஊட்டுக்கு வந்தா ஊட்டுப் பேர்தானே. நானும் அந்த ஊட்டு ரத்தம்தானே மிஸ், பொம்புளப் பக்கத்தால வந்தாலும்?"

ஆம் என்றேன். அதே இரத்தம்தான். ஆனால் எங்கள் பரிசோதனை தகப்பன் மகன் என்ற ஒரு நூலை மட்டுமே பார்க்கும், பெண் வழியாகப் போனால் அதன் கண்ணுக்குப் படாது என்று விளங்கப்படுத்தினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். தகப்பன் வழி, தகப்பன் வழி என்று பத்துத் தரம் சொல்லியிருக்கிறேன், அவரும் பத்துத் தரம் தலையாட்டியிருக்கிறார். அவர் தலையாட்டியது வேறொன்றுக்கு. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் அல்லவா. "அப்ப கோடு மாறினது எங்கட பக்கம்" என்றார். "நான் அண்டைக்கு இஸ்மாயில்ட முகத்துக்கு முன்னுக்கு என்ன சென்னன்?" கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். புத்தகத்தைப் பற்றி அவர் அன்றைக்குப் பேசவே இல்லை.

அலுவிகாரைக் கடைக்காரரின் முடிவு வர ஆறு கிழமை எடுத்தது. எதிர்பார்த்தபடியே இஸ்மாயில் நானாவோடு ஒத்துப்போனது. டொக்டர் இரண்டு முறை வாசித்தார், இடையில் பிளேன்டீயும் குடித்தார். பிறகு அதை என்னிடம் தந்து, "இத இங்க கூப்பிட்டுக் குடுக்க வேணாம். நீங்க போய்க் குடுங்க" என்றார்.

யட்டவத்தைக்கு வேனில் போனபோது ஹாஜியாரும் கூட வந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்து ஏறினார். வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். இஸ்மாயில் நானா எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். நான் பார்த்த மனிதருக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. வாயில் வெற்றிலை இல்லை, பகிடியும் இல்லை. உம்மாவை அழைத்துவந்து கதிரையில் இருத்திவிட்டு, அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். முன்னால் வரவில்லை.

சபியா உம்மாவுக்கு எண்பதுக்கு மேல். மெலிந்த உடம்பு, கண் நல்ல தெளிவு. நான் கடிதத்தை எடுத்து அவருடைய கையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது, உங்கள் மகனுடையது அல்ல என்றேன். கண் கலங்க மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைத் திறக்கவில்லை. அப்படியே திருப்பி என் மடியில் வைத்தார்.

"இத ஏன் மகள் எனக்கிக் காட்றீங்க? எனக்கித் தெரிஞ்சதுதானே" என்றார். "நீங்க வேலைக்கி ஈக்கிறவங்க. வேலையில பிழை வாறதுதான். அழ வேணாம்."

ஹாஜியார் எழுந்து நின்று, மாமி, என்னை மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினார். சபியா உம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "நீங்க இரிங்க வாப்பா. ஊர்ல செல்ற ஆக்கள் செல்லத்தான் செய்வாங்க. அதுக்கெல்லாம் நான் கவலப்பட்டது இல்ல."

நான் துணிந்து மகனுக்காகவும் பேசினேன். நாங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் வந்து கேட்டார், அவர்மேல் மனத்தாங்கல் வைக்க வேண்டாம், கேட்டதை மறந்துவிடுங்கள் என்றேன்.

சபியா உம்மா பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. முற்றத்தில் காய்ந்த மிளகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டதுக்கு மனத்தாங்கல் இல்ல மகள்" என்றார். "புள்ள உம்மாக்கிட்ட எதையும் கேக்கும். கேட்டுப்போட்டு, பதில எதிர்பாத்து நின்டான்."